மெல்பர்னில் ஏஜ்டு கேர் வேலை: எங்கே தொடங்குவது?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈரோட்டில் தனியார் வங்கியில் வேலை பார்த்த ஒரு பெண். கணவரோடு மெல்பர்ன் வந்து ஏழு மாதம் ஆகிறது, மூன்று வயதில் குழந்தை. அலுவலக வேலைகளுக்கு விண்ணப்பித்துச் சலித்துவிட்டார். ஏஜ்டு கேரில், அதாவது முதியோர் பராமரிப்பு வேலையில், இருக்கும் தோழி "நீயும் வா" என்கிறார். மூன்று வாரத்தில் சான்றிதழ் வாங்கித் தருவதாக இன்னொருவர் சொல்கிறார். ஊரிலிருந்து மாமியார், "அடுத்தவர் மலம் மூத்திரம் எடுக்கவா பி.காம். படித்தாய்?" என்கிறார். இந்த வேலைக்குப் போகலாமா, போனால் எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறார்.

போகலாம், தாராளமாகப் போகலாம். நான் மெல்பர்னின் தென்கிழக்குப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களைக் கூட வைத்துக்கொண்டு பழக்கும் பொறுப்பும் சில வருடங்களாக என்னிடம் இருக்கிறது. இங்கே விக்டோரியாவில் இந்த வேலையை பி.சி.ஏ. என்பார்கள், பெர்சனல் கேர் அசிஸ்டன்ட். சிட்னிப் பக்கம் ஏ.ஐ.என். என்பார்கள், அசிஸ்டன்ட் இன் நர்ஸிங். பெயர்தான் வேறு, வேலை ஏறக்குறைய ஒன்றே.

அந்த மூன்று வாரச் சான்றிதழை முதலில் மறந்துவிடுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். படிக்காமல், பயிற்சி எடுக்காமல் பணம் கட்டினால் காகிதம் கொடுக்கும் இடங்கள் இருந்தன. 2024 கடைசியில் பயிற்சி நிறுவனங்களைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான அஸ்க்வா, அப்படிச் சில நிறுவனங்கள் கொடுத்த ஆயிரக்கணக்கான சான்றிதழ்களை ரத்து செய்தது. பணமும் போய், வேலையும் கேள்விக்குறியாகி நின்றவர்களில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. கைப்பழக்கம் இல்லாமல் உள்ளே போனால் முதலில் அடிபடுவது நீங்கள் தொடுகிற அந்த வயதானவர்தான். இரண்டாவது உங்கள் இடுப்பு.

நீங்கள் எடுக்க வேண்டியது 'சர்டிஃபிகேட் த்ரீ இன் இண்டிவிஜுவல் சப்போர்ட்'. இப்போதைய பாடத்திட்டத்தின் எண் சி.எச்.சி.33021. மொத்தம் 15 பாடங்கள். அவற்றோடு குறைந்தது 120 மணி நேரம் உண்மையான இல்லத்தில், உண்மையான மனிதர்களோடு வேலை செய்து பழக வேண்டும். இதை ப்ளேஸ்மென்ட் என்பார்கள். பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும். சேரும்போது ஒரே ஒரு கேள்வியை அழுத்திக் கேளுங்கள்: "ப்ளேஸ்மென்டை நீங்கள் ஏற்பாடு செய்வீர்களா, நானே தேடிக்கொள்ள வேண்டுமா?" நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்றால் வேறு இடம் பாருங்கள். புதிதாக வந்தவருக்கு யாரைத் தெரியும்? வகுப்பில் லிஃப்டர் (ஆளைத் தூக்கும் இயந்திரம்), கட்டில், சக்கர நாற்காலி எல்லாம் வைத்த பயிற்சி அறை இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். முழுக்க ஆன்லைன் என்று சொல்கிற இடம் இந்த வேலைக்கு ஆகாது.

அரசுக் கல்லூரியான டேஃபில் இந்தப் படிப்பு விக்டோரியாவின் இலவசப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அந்தச் சலுகை பெரும்பாலும் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ உள்ளவர்களுக்கு. உங்கள் விசா எந்த வகை என்று எழுதவில்லை. கணவரின் வேலை விசாவோடு வந்திருந்தால் முழுக் கட்டணம் கேட்கலாம். விசா எண்ணைச் சொல்லிக் கல்லூரியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், வாய்வழிச் செய்தியை நம்ப வேண்டாம். மாணவர் விசாவில் இருப்பவர்கள் இதைப் படித்தால், இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம் என்ற வரம்பு ஏஜ்டு கேருக்கும் சேர்த்துத்தான். முன்பு கொடுத்திருந்த விலக்கு 2023 டிசம்பரோடு முடிந்துவிட்டது. போலீஸ் செக், தடுப்பூசிப் பதிவு, முதலுதவிப் பயிற்சி, இந்தக் காகிதங்களைப் படிக்கும்போதே சேர்த்து வையுங்கள்.

இனி மாமியார் கேட்டதற்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் மனதிலும் அது உறுத்திக்கொண்டுதான் இருக்கும். ஆமாம், மலம் மூத்திரம் துடைக்கும் வேலை உண்டு. ஒவ்வொரு ஷிஃப்டிலும் உண்டு. கையுறை போட்டு, பேட் (பெரியவர்களுக்கான டயப்பர்) மாற்றி, முன்னிருந்து பின்னாகத் துடைத்து, தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்து, தடுப்புக் களிம்பு போட்டு, கை கழுவி வெளியே வர ஏழெட்டு நிமிடம் ஆகும். குழந்தை வளர்த்தவருக்கு இரண்டு வாரத்தில் அருவருப்பு போய்விடும். எனக்கு நாற்றமோ அழுக்கோ கஷ்டமாக இருக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் கஷ்டமாக இருந்தது.

நம் வீடுகளில் பெரியவர்களுக்குச் செய்வது என்றால் எல்லாவற்றையும் நாமே செய்துவிடுவது. தண்ணீரை நாமே எடுத்துக் கொடுப்போம், சோற்றைப் பிசைந்து ஊட்டுவோம், "நீங்க சும்மா உட்காருங்க" என்போம். அதுதான் மரியாதை, அதுதான் அன்பு என்று வளர்ந்தவர்கள் நாம். இங்கே வந்த புதிதில் ஒரு பெரியவருக்கு ஸ்வெட்டர் பட்டனை நான் போட்டுவிட்டேன். பக்கவாதத்துக்குப் பிறகு அவருடைய வலது கை சரியாக வராது. ஒரு பட்டனுக்கு ஒரு நிமிடம் எடுத்துக்கொள்வார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கூட இருந்த மூத்த பி.சி.ஏ., கிரேக்கப் பெண்மணி, என் கையை மெதுவாக விலக்கிவிட்டுச் சொன்னார்: "நீ இன்றைக்குப் போட்டால், நாளைக்கு அவர் போட மாட்டார். மூன்று வாரத்தில் அவருக்கே மறந்துபோகும்." அது அப்படியே உண்மை என்று பிறகு பல பேரிடம் பார்த்தேன். தானாக ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு, நேரம் ஆகிறது என்று ஊட்டிவிட ஆரம்பித்தால் அந்தக் கை ஒரு மாதத்தில் மடியிலேயே கிடக்கும். திரும்ப எழாது.

அதனால் ஒவ்வொருவருக்கும் எழுதி வைத்திருக்கும் கேர் பிளானில், அதாவது பராமரிப்புத் திட்டத்தில், 'உதவி' என்று இருக்கிறதா, 'மேற்பார்வை' என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அறைக்குள் போக வேண்டும். மேற்பார்வை என்றால் பக்கத்தில் நிற்பது மட்டும்தான் உங்கள் வேலை. நிற்பதற்கும் பயிற்சி வேண்டும்.

ஒரு குளியலைச் சொல்கிறேன், வேலை எப்படிப்பட்டது என்று புரியும். கதவைத் தட்டிவிட்டு, பதில் வந்த பிறகு உள்ளே போக வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். தொண்ணூறு வயதுக்காரரை 'ஜான்' என்று கூப்பிட முதல் மாதம் நாக்கு கூசும். ஆனால் அவர் விரும்புவது அதைத்தான் என்றால் அதுதான் மரியாதை. 'பாட்டி', 'டார்லிங்' என்றெல்லாம் நாமாகச் செல்லப்பெயர் வைக்கக் கூடாது. "இப்போது குளிக்கலாமா, காபி குடித்துவிட்டா?" என்று கேளுங்கள். குளிக்கவே வேண்டாம் என்றால் அதையும் கேட்டுக்கொண்டு, பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை போங்கள். குளியலறையை முன்கூட்டியே சூடாக்குங்கள். துண்டு, உடை, பேட் எல்லாம் எடுத்து வைத்த பிறகுதான் அவரை நாற்காலியில் உட்கார வைத்துக் கூட்டிப்போக வேண்டும். ஈரத்தோடு அவரைத் தனியே விட்டுவிட்டுத் துண்டு எடுக்க ஓடினீர்கள் என்றால் அந்த அரை நிமிடத்தில்தான் விழுவார். தண்ணீரை உங்கள் மணிக்கட்டில் முதலில் விட்டுப் பாருங்கள், அப்புறம் அவர் பாதத்தில், அப்புறம் மேலே. தோளிலும் மடியிலும் ஒரு துண்டைப் போர்த்தியே குளிப்பாட்டுங்கள், கழுவுகிற இடம் மட்டும் திறந்தால் போதும். முகத்தை அவரே துடைத்துக்கொள்ளட்டும், துணியை அவர் கையில் கொடுங்கள். விரல் இடுக்கு, மார்புக்குக் கீழே, தொடை மடிப்பு, இங்கெல்லாம் ஒற்றி ஒற்றி ஈரம் எடுக்க வேண்டும். தேய்த்தால் தோல் கிழியும்.

தோல் கிழியும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ப்ளேஸ்மென்டின் நான்காவது நாள். ஒரு அம்மாவுக்கு நைட்டியைக் கழற்றி பிளவுஸ் போட வேண்டும். இடது பக்கம் பலவீனம். உடுத்தும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது பலமான கையை முதலில் எடுக்க வேண்டும். வகுப்பில் எழுதி வைத்திருந்தேன், அன்றைக்கு மறந்துவிட்டேன். வலது கையை நுழைத்துவிட்டு இடது கையை இழுத்தேன். முழங்கைக்குக் கீழே வெங்காயத் தோல் மாதிரி ஒரு விரல் நீளத்துக்கு உரிந்து வந்துவிட்டது. அந்த அம்மா கத்தவில்லை, "இட்ஸ் ஆல்ரைட், லவ்" என்றார். நான் அழுதேன். அழுதுகொண்டே போய் நர்ஸிடம் சொன்னேன். அவர் உப்புக்கரைசலால் கழுவி, உரிந்த தோலை மெதுவாகத் திரும்ப மூடி, ஒட்டாத கட்டு போட்டார். திட்டவில்லை. "உடனே வந்து சொன்னாய் இல்லையா, அதனால் காப்பாற்ற முடிந்தது" என்றார். அன்றைக்குப் பயந்து மறைத்திருந்தால் அது சீழ் பிடித்து ஆறு மாதம் ஆறாமல் கிடந்திருக்கும்.

தவறு நடந்தால் அந்த நிமிடமே சொல்லுங்கள். இதை ஒரு நல்ல குணமாக மட்டும் இங்கே பார்ப்பதில்லை, சட்டமும் அப்படித்தான் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இல்லத்தில் ஏன் இத்தனை படிவம், ஏன் இத்தனை கேள்வி என்று எரிச்சல் வராது. முதியோர் இல்லங்களில் நடந்த கொடுமைகள் வெளியே வந்து, 2018-ல் அரசு ராயல் கமிஷன் என்ற உயர்நிலை விசாரணைக் குழுவை அமைத்தது. 2019-ல் வந்த இடைக்கால அறிக்கைக்கு அவர்கள் வைத்த பெயரே 'புறக்கணிப்பு'. 2021 மார்ச்சில் வெளியான இறுதி அறிக்கையில் 148 பரிந்துரைகள் இருந்தன. அடி, திருட்டு, கவனிக்காமல் விடுவது, காணாமல் போவது போன்ற சம்பவங்களைக் கண்காணிப்பு ஆணையத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்ற திட்டம் 2021 ஏப்ரலில் வந்தது. கடுமையானவற்றுக்கு 24 மணி நேரம்தான் கெடு. 2023 ஜூலையிலிருந்து இல்லத்தில் இரவு பகல் எந்நேரமும் ஒரு ரிஜிஸ்டர்டு நர்ஸ் (முழுத் தகுதியோடு பதிவு பெற்ற நர்ஸ்) இருக்க வேண்டும். 2025 நவம்பர் 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் முதியவர்களின் உரிமைகளைப் பட்டியல் போட்டு முன்னால் வைக்கிறது.

அந்த உரிமைகளில் நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது ஒன்றில்தான். விழுந்துவிடுவாரே என்று கட்டில் கம்பியை ஏற்றிவிடுவது, எழுந்து போகாதபடி மேசையை நெருக்கி வைப்பது, கைத்தடியை எட்டாத தூரத்தில் வைப்பது. நம் வீட்டில் இதெல்லாம் அக்கறை. இங்கே இவை கட்டுப்படுத்தும் செயல்கள். மருத்துவர் அல்லது ரிஜிஸ்டர்டு நர்ஸின் மதிப்பீடும், அந்த முதியவருடைய அல்லது அவர் சார்பில் முடிவெடுப்பவருடைய ஒப்புதலும் இல்லாமல் செய்தால் அதுவே புகாருக்குரிய சம்பவம். எனக்கு இதைச் செரித்துக்கொள்ள ஒரு வருடம் ஆனது. விழும் அபாயத்தோடு நடந்து தோட்டத்துக்குப் போவதை அவரே தேர்ந்தெடுத்தால், அந்த அபாயத்தைக் குறைக்க நல்ல செருப்பும் துணைக்கு ஆளும் கொடுக்கலாம். நடையை நிறுத்த நமக்கு உரிமை இல்லை.

தூக்குவது பற்றி இரண்டே வரி. மனிதரை உங்கள் கையால் தூக்காதீர்கள், அக்குளில் கை கொடுத்து இழுக்காதீர்கள். விக்டோரியாவில் நர்ஸ் சங்கம் 1998-லேயே 'நோ லிஃப்டிங்' என்று கொள்கை வகுத்ததே நர்ஸ்களின் முதுகு போனதால்தான். நிற்க முடியாதவருக்கு ஃபுல் லிஃப்டர், அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளைத் தாங்கும் துணியான ஸ்லிங் அளவு சரியா என்று பார்க்க வேண்டும். இன்னொருவர் வரும்வரை ரெசிடென்ட் (இல்லத்தில் வசிப்பவர்) கத்தினாலும் காத்திருங்கள். "ஆள் இல்லை, நீயே முடித்துவிடு" என்று யார் சொன்னாலும் முடியாது என்று சொல்லுங்கள். இந்த ஒரு இடத்தில் பணிவு வேண்டாம்.

சாப்பாட்டிலும் ஒரு எச்சரிக்கை. விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கு உணவும் பானமும் 0-விலிருந்து 7 வரை எண் போட்ட அளவுப்படி வரும். கூழ் பதம் 4, சாதாரண உணவு 7. ஒருவருக்கு 4 என்று இருந்தால், அவர் எவ்வளவு கெஞ்சினாலும் நீங்களாக ஒரு பிஸ்கட் கொடுத்துவிடக் கூடாது. மூச்சுக்குழாயில் போய் நிமோனியா வரும். கேட்டதை நர்ஸிடம் சொல்லுங்கள், பேச்சு சிகிச்சையாளர் வந்து மறுபடி பார்ப்பார். நிமிர்ந்து உட்கார வைத்துக் கொடுங்கள், சாப்பிட்டதும் அரை மணி நேரமாவது படுக்க வைக்காதீர்கள்.

டிமென்ஷியா என்னும் மறதி நோய் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். டாஸ்மேனியாப் பல்கலைக்கழகத்தின் விக்கிங் மையம் டிமென்ஷியாவைப் புரிந்துகொள்ள ஒரு ஆன்லைன் படிப்பை இலவசமாக நடத்துகிறது. சான்றிதழ் படிப்பில் சேருவதற்கு முன்பே, குழந்தை தூங்கும் நேரத்தில் அதை முடித்துவிடுங்கள். அதில் கற்றதை வைத்து நான் பிழைத்த சாயங்காலங்கள் நிறைய. மாலை நான்கு மணிக்கு மேல் சிலருக்குப் பதற்றம் கூடும். எங்கள் இல்லத்தில் ஓர் இத்தாலிய அம்மா, ஐம்பது வருடம் மெல்பர்னில் இருந்தவர். கடைசி வருடங்களில் ஆங்கிலம் போய் இத்தாலியன் மட்டும் மிஞ்சியது. தினமும் நான்கரைக்குக் கைப்பையைத் தூக்கிக்கொண்டு கதவண்டை நிற்பார், பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்துவிடுவார்களாம். "உங்கள் பிள்ளைகளுக்கு அறுபது வயது" என்று உண்மையைச் சொன்ன அன்றெல்லாம் அடி வாங்கினோம். பிறகு ஒருநாள் சலவையிலிருந்து வந்த கைத்துணிகளை ஒரு கூடையோடு அவர் முன் வைத்தேன். உட்கார்ந்து மடித்தார். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, உள்ளங்கையால் தேய்த்து, நாற்பது துணி. அவருக்குத் தெரிந்த இரண்டு வார்த்தையை நான் இத்தாலியனில் கற்றுக்கொண்டேன். அதன்பின் நான்கரை மணிக்குக் கூடை தயாராக இருக்கும்.

நேரம் போதுமா என்றால், போதாது. சட்டப்படி 2024 அக்டோபரிலிருந்து ஒரு ரெசிடென்டுக்கு நாளுக்குச் சராசரி 215 நிமிடப் பராமரிப்பு தர வேண்டும், அதில் 44 ரிஜிஸ்டர்டு நர்ஸுடையது. மூன்றரை மணி நேரமா என்று தோன்றும். அது 24 மணி நேரத்துக்கு, எல்லாருடைய கையும் சேர்த்த கணக்கு. எங்கள் இல்லத்தில் காலை ஷிஃப்டில் ஒரு ஊழியருக்கு ஏழெட்டு ரெசிடென்ட்கள் வருவார்கள். ஆகவே வரிசை போடக் கற்றுக்கொள்ளுங்கள். ஷிஃப்ட் மாறும்போது தகவல் சொல்லும் ஹேண்டோவரில் யார் இரவு தூங்கவில்லை, யாருக்கு மருத்துவமனைப் பயணம் என்று குறித்துக்கொண்டு, சீக்கிரம் விழிப்பவரிடம் முதலில் போங்கள். தூங்குகிறவரை எழுப்பிக் குளிப்பாட்டி உங்கள் அட்டவணையை முடிக்காதீர்கள்.

ஆங்கிலம் பற்றி உங்களுக்குப் பயம் இருக்கலாம். பேச்சு தானாக வரும். எழுதுவதில்தான் கவனம் வேண்டும், ஷிஃப்ட் முடிவில் எழுதும் குறிப்புகளை டாக்டர், குடும்பம், சில சமயம் விசாரணை அதிகாரி வரை படிப்பார்கள். "முரண்டு பிடித்தார்" என்று எழுதக் கூடாது. "காலை 8:10-க்குக் குளிக்க அழைத்தபோது கையைத் தட்டிவிட்டார். 8:30-க்குத் திரும்பப் போனபோது சம்மதித்தார்" என்று எழுத வேண்டும். கண்ணால் பார்த்தது மட்டும்.

சம்பளம். ராயல் கமிஷனுக்குப் பிறகு, 2023 ஜூன் 30-லிருந்து பராமரிப்பு ஊழியர்களின் குறைந்தபட்ச ஊதியம் 15 சதவீதம் உயர்ந்தது, அதற்குப் பிறகும் உயர்ந்திருக்கிறது. சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களுக்கு அதிகம் கிடைக்கும். கேஷுவல் (நிரந்தரமில்லாமல், கூப்பிடும்போது போகும் வேலை) என்றால் மணிக்கு 25 சதவீதம் கூட, ஆனால் விடுமுறைச் சம்பளம், நோய் விடுப்பு கிடையாது. குழந்தை இருக்கும் உங்களுக்கு நிரந்தரப் பகுதி நேரமே நல்லது. வீடு வீடாகப் போகும் ஹோம் கேர் வேலை கார் இருந்தால் கிடைக்கும், நேரமும் வசதி. ஆனாலும் முதல் ஒரு வருடம் இல்லத்தில் இருங்கள். ஒருவர் மயங்கி விழுந்தால் பொத்தானை அழுத்தினால் நர்ஸ் ஓடி வருவார். தனி வீட்டில் நீங்களும் அவரும் மட்டும்தான். ஏஜ்டு கேருக்கென்று தொழில்துறை ஒப்பந்தம் வழியாக வேலை வழங்குபவரே ஸ்பான்சர் செய்து நிரந்தர வதிவிடம் வரை போகும் பாதையும் 2023-லிருந்து இருக்கிறது. அதற்காக யாராவது உங்களிடம் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், ஸ்பான்சர்ஷிப்புக்குக் காசு வாங்குவது சட்டவிரோதம்.

சாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முதல் வருடத்திலேயே பார்ப்பீர்கள். கடைசி நாட்களில் வாயை ஈரப் பஞ்சால் துடைப்பது, பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது, பேசிக்கொண்டே இருப்பது. போன பிறகும் உடம்பைத் துடைத்து, நல்ல உடை உடுத்தித் தலைவாரி விடுவோம். அப்போதும் "திருப்பிப் படுக்க வைக்கிறேன், மேரி" என்று சொல்லிவிட்டுத்தான் திருப்புவேன். அன்று வீட்டுக்குப் போய் மனசு கனத்தால் கணவரிடம் பேசுங்கள், இல்லத்தில் கவுன்சலிங் இருக்கும், கேளுங்கள்.

ப்ளேஸ்மென்ட் முதல் நாளுக்கு: வழுக்காத, முன்பக்கம் மூடிய ஷூ வாங்குங்கள், மலிவாகப் பார்க்காதீர்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், மருதாணி இருந்தால் பரவாயில்லை, நெயில் பாலிஷ் வேண்டாம். கண்ணாடி வளையலையும் கல் வைத்த மோதிரத்தையும் கழற்றி வீட்டில் வையுங்கள், அந்தத் தோலை அவை கீறிவிடும். தாலிக்கொடியைக் கழற்ற மனசு வராது, எனக்கும் வரவில்லை. யாராவது பிடித்து இழுத்துவிடாதபடி சட்டைக்குள் விட்டு உள்ளாடையோடு ஊக்குப் போட்டுக்கொள்வேன். ஊக்கு திறந்துகொள்ளாத வகையாகப் பார்த்து வாங்குங்கள்.